பால் உறைவதற்குள்

அலோர் காஜா என்ற பெயருக்குள்ளேயே ஒரு பாதை இருக்கிறது. மலாயில் அலோர் என்றால் நீரோடும் பள்ளம். காஜா நம்முடைய கஜம்தான். யானைகள் நடந்து நடந்து பள்ளமாகிப்போன தடம். மலாக்கா மாநிலத்தின் வடபுறத்தில், மாவட்டத்தின் தலைநகராக இருக்கும் இந்தச் சின்னப் பட்டணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. இங்கே யார் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை, பாதையில் எது போனது, எவ்வளவு அவசரமாகப் போனது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் போனது நெல். அதற்கு அவசரம் கிடையாது. நானிங் என்ற பெயரில் மினாங்கபாவ் வழிவந்தோர் வாழ்ந்த இந்த நிலம், டச்சுக்காரர்களுக்கு ஆண்டுக்கு 400 காந்தாங் (பழைய முகத்தலளவை) நெல் கட்டி வந்தது. பிறகு வந்த ஆங்கிலேயர், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்றார்கள். நானிங்கின் தலைவர் டோல் சயிட் மறுத்தார். 1831-இல் போன முதல் படை காட்டுக்குள் சிக்கித் திரும்பியது. மறு ஆண்டு போன படை மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாதை போட்டுக்கொண்டே நகர்ந்து டோல் சயிடின் ஊரான தாபோவைப் பிடித்தது. அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். ரப்பர் விதை மலாயா மண்ணைத் தொடுவதற்கு நாற்பது ஆண்டுக்கு மேல் முன்பே, தென்னிந்தியக் கால்கள் இந்தக் காட்டில் நடந்திருக்கின்றன. போரில் மாண்ட ஆங்கிலேயப் படைவீரர்களின் கல்லறைகள் இன்றும் அலோர் காஜாவில் இருக்கின்றன. தாபோ நானிங்கில் டோல் சயிட் அடங்கிய இடமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். பார்ப்பவர்கள் அந்த 400 காந்தாங்கையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நெல்லுக்குப் பின் வந்தது பால். தோட்டத்தில் பால் என்றால் மாட்டுப் பால் அல்ல, கித்தாப் பால், அதாவது ரப்பர் பால். 1896-இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென நட்டதில் அதுவே முதல். மரவள்ளி விளைந்த மேடுகளெல்லாம் சில ஆண்டுகளில் கித்தா மரமாயின. நம் ஆட்கள் கங்காணி பின்னால் வந்து லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறினார்கள்.

இந்த வேலையின் நுட்பத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. இருட்டிலேயே நிரைக்குள் போக வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக இறங்கும். இடது மேலிருந்து வலது கீழாக, சரிவாக ஒரு கோடு. நேற்றைய கோட்டின் ஓரத்தில் நூல் கனத்துக்குப் பட்டையைச் சீவினால் போதும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்பட்டு முண்டு கட்டிவிடும்; அந்த முண்டின் மேல் மறுபடி கத்தி ஓடாது. சீவிய கோட்டில் வெள்ளை முத்து முத்தாய்த் துளிர்க்கும். பிறகு முத்துகள் ஒன்றுசேர்ந்து நூலாகி, தகர வாய்க்கால் வழியே மங்கில், மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழும். நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடித்துத் திரும்பி வரும்போது முதல் மரத்து மங்கு நிறைந்திருக்கும். அதற்குள் வானம் இருட்டினால் நெஞ்சும் இருட்டும். மழைத்தண்ணீர் கலந்த பால் வீண். அன்றைய கூலியும் வீண்.

ஆக இந்தப் பொருளாதாரம் முழுவதுமே ஒரு பந்தயம்: பால் உறைவதற்குள் ஸ்டோர் போய்ச் சேர வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி. வாளி தளும்பாமல் மேடு இறங்கும் அந்த நடை இருக்கிறதே, அதை ஒரு கலையாகவே சொல்வேன். தோளில் கம்பு துள்ளும் தாளத்துக்குக் கால் வைக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் பாதிப் பாலை மண்ணுக்கு ஊற்றிவிடுவார். ஸ்டோரில் கணக்கர் கிராணி நிறுப்பார். உறையாதிருக்க அம்மோனியா கலக்கும் பாலும் உண்டு. அமிலம் ஊற்றி உறைய வைத்து, தகடாக்கிப் புகை போடுவதும் உண்டு. கோட்டில் காய்ந்து ஒட்டியதை உரித்துச் சுருட்டினால் ஒட்டுப்பால். அதுவும் காசு. எதையும் விடாமல் பொறுக்கிச் சேர்த்த கைகள் அவை.

இந்தச் சரக்கு தண்டவாளத்திலும் போனது. 1905-இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளைப்பாதை திறந்தார்கள். வடக்குத் தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் அது ஓடியது, நாற்பது ஆண்டுகூட முழுதாக அல்ல. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் – பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போன இரும்பும் திரும்பவில்லை, போனவர்களில் பலரும் திரும்பவில்லை. சயாம் மரண ரயில் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மலாக்கா நகருக்கு அதன் பிறகு ரயில் வரவே இல்லை. ஆயர் கெரோ வழியாக வருவதாக இருந்த கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டமும் 2021-இன் முதல் நாளோடு கைவிடப்பட்டது.

இப்போது கித்தா நிரைகள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. செம்பனைக்கு வேறு அவசரம். வெட்டிய குலை ஒருநாள் பொழுதுக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெய் சுத்தமாக இருக்கும், தங்கினால் புளிப்பேறும். அதனால்தான் புலாவ் செபாங் சாலையில், துருச் சிவப்பில் குலைகளை மலையாய் ஏற்றிய லாரிகள் நம்மை முந்தத் துடிக்கின்றன. உதிர்ந்த பழங்கள் வளைவுகளில் நசுங்கிக் கிடக்கும். அந்த எண்ணெய் வாசம் மழைக்குப் பிறகு நன்றாகத் தெரியும்.

நெடுஞ்சாலைகள் கதையை வேறு பக்கம் திருப்பின. சிம்பாங் அம்பாட்டில் வடக்கு – தெற்கு நெடுஞ்சாலையின் வாசல் திறந்தது. அலோர் காஜா, மத்திய மலாக்கா, ஜாசின் என மூன்று மாவட்டங்களின் முதலெழுத்தைக் கோத்து ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலை வந்தது. பெகோவில் 2003-இல் ஹோண்டா கார் ஆலை தொடங்கியது. லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு விடியற்காலையில் பெரட்டு மணிக்குப் பதில் கம்பெனி பஸ் வந்தது. நேரம் மட்டும் மாறவில்லை: அப்பா நிரைக்குப் போன அதே இருட்டில் மகள் பஸ்ஸுக்கு நிற்கிறாள். கையில் தூக்குச்சட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த ஒரு நுட்பம். தம்பின் பட்டணத்தை மாநில எல்லை பிளந்து செல்கிறது. இந்தப் பக்கம் மலாக்காவின் புலாவ் செபாங், அந்தப் பக்கம் நெகிரி செம்பிலான். ரயில் நிலையம் நிற்பது மலாக்கா மண்ணில். ஆனால் காலங்காலமாக அதற்குத் தம்பின் என்றே பெயர். இப்போது பலகையில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கின்றன, புலாவ் செபாங் முன்னால், தம்பின் பின்னால். புலாவ் என்றால் தீவு. கடல் கண்ணில் படாத ஊருக்கு அந்தப் பெயர். இருபுறத்து மக்களும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள், ஒரே கடையில் பசியாறுகிறார்கள்.

சிரம்பான் – கெமாஸ் மின்பாதை 2013-இல் முடிந்தது. 2015-இல் கொமுட்டர் ரயில் இந்த நிலையம்வரை நீண்டது. அந்தக் கொமுட்டர் பாதையின் ஒரு முனை புலாவ் செபாங். மறுமுனை எது என்று பார்த்தால், பத்துமலை. யார் திட்டமிட்டார்களோ, கித்தாக் காட்டின் விளிம்பையும் முருகன் குகையையும் ஒரே கோட்டின் இரு நுனிகளாக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் தைப்பூசத்துக்கு லாரி பிடித்தும் பஸ் பிடித்தும் போனவர்களின் பேரப்பிள்ளைகள், மாலையும் பால்குடமுமாக இங்கே ஏறி உட்கார்ந்தால் போதும்.

“தம்பி, நடுவுல எங்கயும் மாறணுமா?” என்று மேடையில் ஒரு பாட்டி கேட்டார்.

மாற வேண்டாம் பாட்டி. நேராகவே போகும்.