குறிஞ்சியும் கேமரன் மலையும்

கேமரன் மலைக்குச் சென்று வந்தோர் எழுதும் பயணக் கட்டுரைகள் இதழ்களிலும் மாணவர் ஏடுகளிலும் குறைவின்றி வருகின்றன. மலையைக் கண்டதும் அதனைக் ‘குறிஞ்சி நிலம்’ என்பர். தேயிலைச் சரிவைப் ‘பச்சைக் கம்பளம்’ என்பர். கூடை சுமந்த பெண்கள் பாடிக்கொண்டே கொழுந்து கிள்ளுவதாகவும் எழுதிவிடுவர்.

அக்கூடையை எங்கே கண்டனர்? இன்று அம்மலையில் கொழுந்து பெரும்பாலும் கத்தரியாலும், இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் இயந்திரத்தாலுமே எடுக்கப்படுகிறது. எடுப்போருட் பலர் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். கட்டுரையாளர் கண்டது மலையையன்று. தேயிலைப் பெட்டியின் மேலிருந்த பழைய படத்தையே.

குறிஞ்சி என்ற பெயரையாவது ஆய்ந்து வழங்கினரா? தொல்காப்பியர் கருப்பொருள் கூறுங்கால் தெய்வம், உணவு, மரம், புள், பறை ஆகியவற்றோடு ‘செய்தி’ என்பதனையும் சேர்த்தார். செய்தியாவது அந்நில மக்களின் தொழில். தொழிலை நீக்கிவிட்டுப் பனியையும் முகிலையும் மட்டும் வருணித்தால் திணை எவ்வாறு நிரம்பும்? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். நம்மவரோ பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டிற் புகுந்து வந்தும் ஒரு செடியின் பெயர் கூறார். அம்மலையின் பூர்வகுடிகளாகிய செமாய் மக்களையும் நினையார்.

தேயிலை அக்காட்டில் தானாக முளைத்ததன்று. 1929-இல் இரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை அழித்தே சரிவில் தேயிலை நட்டனர். விட்டால் மரமாக ஓங்கும் செடியை இடுப்பளவில் வெட்டி வெட்டி நிறுத்துவதால் வருவதே அச்சமநிலை. கம்பளம் என்ற சொல் அவ்வெட்டை மறைத்துவிடுகிறது.

தமிழில் வேறு பார்வை இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் துயரைக் காட்டிற்று. இராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நீலகிரிப் படுகர் வாழ்வு மாறியதைக் கூறும். பின்னதில் மலையழகு நிரம்ப உண்டு. எனினும் அழகு ஆளை மறைக்கவில்லை. ஆசிரியர்கள் வகுப்பில் படித்துக் காட்டத்தக்க நூல் அது.

பிறரைக் குறைகூறும் எனக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்து சுற்றுலா சென்று வந்த எம் மாணவி ஒருத்தி, தேயிலைக்கு மருந்தடித்தவர் முதுகில் இருந்த பம்பைப் போன்றதையே செம்பனைத் தோட்டத்தில் தன் தந்தையும் சுமப்பதாக எழுதியிருந்தாள். ‘பொருந்தாது’ என்று சிவப்பு மையால் அடித்து, அவ்விடத்திற் பனித்துளியைச் சேர்த்தேன். பின்னர் மனம் உறுத்த, அவ்வேட்டைக் கேட்டேன். திருத்தியபடியே புதிய ஏட்டில் எழுதிவிட்டதாகவும், பழைய தாளைக் கிழித்துவிட்டதாகவும் கூறினாள்.