நண்பரின் சாட்சியம்

1895ஆம் ஆண்டில் நாடகாசிரியர் ஒஸ்கார் வைல்ட் சிறைப்பட்டபோது, அவருடைய நகைச்சுவையில் திளைத்த இலண்டன் மேட்டுக்குடியினர் அவர் பெயரை உச்சரிக்கவும் கூசினர். நாடக விளம்பரங்களிலிருந்தும் அப்பெயர் நீக்கப்பட்டது. 1900இல் பாரிஸில் அவர் வறுமையில் இறந்தார்.

நண்பர் பிராங்க் ஹரிஸ், அவரது வரலாற்றை 1916இல் நியூ யோர்க்கிலே தாமே இரு பாகங்களாக வெளியிட்டார். சமூகம் புதைக்க விரும்பிய பெயரைப் பதிப்பாளர் தயவின்றி மீட்டெடுத்த அத்துணிவு போற்றத்தக்கது.

ஆயின், துணிவு வேறு, உண்மை வேறு. பல்லாண்டு கழிந்தபின் எழுதிய ஹரிஸ், நீண்ட உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் தருகிறார். வைல்ட் தப்பிச்செல்லக் கப்பல் ஆயத்தம் செய்ததாகவும், அவரே மறுத்ததாகவும் கூறுகிறார். நண்பரின் துயரக் கதையிலே நூலாசிரியரே மெல்ல மெல்ல நாயகராகிவிடுகிறார். வைல்டின் மற்றொரு நண்பரான றொபேட் ஷெராட், 1902இலேயே தம் நினைவுகளைத் தனிப்பட அச்சிட்டவர். ஹரிஸின் கூற்றுக்களை மறுத்து 1937இல் தனி நூலே எழுதினார்.

தன் நூலுக்குத் தானே பதிப்பாளனாகலாம். தன் நினைவுக்குத் தானே நீதிபதியாதல் தகாது. இறந்தவர் மறுமொழி கூறார். அவர் சார்பில் வினா எழுப்புவது வாசகர் கடனாகும்.