தழும்பைக் காட்டித் தடிப்பைத் தள்ளலாமா?

வில்லியனூரிலோ பாகூரிலோ வீட்டுப் பெரியவர் ஒருவரின் சளியில் காசநோய்க் கிருமி தெரிந்தால், அந்த வீட்டுக் குழந்தைகளையும் பார்த்தாக வேண்டும். முன்கையில் காசநோய்த் தொற்றைச் சோதிக்கும் மாண்டூ ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கிறார்கள். சிவப்பு கணக்கில் வராது. விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பு 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்பது இங்குள்ள வழக்கம். உடனே ஒரு சமாதானம் எழும்: "பொறந்ததுமே பி.சி.ஜி. போட்டாச்சே, அதனாலதான் வீங்கியிருக்கு."

இதில் உண்மை கொஞ்சம் உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவுக்காகவே நினைக்கப்படுகிறது. நமக்கு இங்கே வேண்டியது அதன் இன்னொரு முடிவு. தடுப்பூசிக்குப் பின் இரண்டரை மாதத்தில் பலமாக இருந்த தோல் எதிர்வினை, இரண்டரை ஆண்டில் வெகுவாகத் தணிந்திருந்தது. மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2006இல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. போட்டவர்களில் அதனாலேயே 10 மி.மீ.யை எட்டியவர்கள் நூற்றுக்கு 8.5 பேர், பத்தாண்டு கழித்துச் சோதித்தவர்களில் ஒருவர்தான்.

இந்த 8.5 என்ற எண் எந்த வீட்டில் நிற்கிறது என்பதுதான் விஷயம். ஒரு கற்பனைக் கணக்கு: நோயாளியோடு வசிக்கும் 100 குழந்தைகளில் 30 பேருக்குத் தொற்று இருக்கட்டும், அத்தனை பேருக்கும் தடிக்கட்டும். மீதி 70 பேரில் பி.சி.ஜி.யால் ஏறக்குறைய 6 பேருக்குத் தடிக்கும். தடித்த 36 பேரில் 30 பேருடையது மெய்த் தொற்று. அதே ஊரில், நோயாளியே இல்லாத வீடுகளின் 100 குழந்தைகளில் 2 பேருக்குத்தான் தொற்று என்றால், தடித்த பத்துப் பேரில் எட்டுப் பேர் பி.சி.ஜி.யால் தடித்தவர்கள். ஒரே ஊசி, ஒரே அளவுகோல், பொருள் தலைகீழ்.

ஆகவே என் தீர்ப்பு: வீட்டில் நோயாளி இருக்கும்போது பி.சி.ஜி. தழும்பைக் காட்டித் தடிப்பை ஒதுக்குவது தவறு. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் அது இன்னும் பெரிய தவறு. நோயாளியோடு பழக்கமே இல்லாத கைக்குழந்தையிடம் மட்டும் பி.சி.ஜி.யால் தடித்ததோ என்ற ஐயம் நியாயமானது. அங்கே சோதனையே அவசியமா என்பதுதான் முதல் கேள்வி.

தடிக்கவில்லை என்பதும் விடுதலைச் சீட்டு அல்ல. கடும் ஊட்டக்குறைவோ அண்மையில் வந்த தட்டம்மையோ தோலை ஊமையாக்கிவிடும். தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் 2021 வழிகாட்டுதலும், வீட்டுத் தொடர்புள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்தபின் இந்தச் சோதனை இல்லாமலே தடுப்பு மருந்து தரச் சொல்கிறது.