கறுப்பு மையில் கட்டிய அரண்மனைகள்

கே. ராமானுஜத்தின் மைச்சித்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் கிடைப்பது ஓர் ஊர். கோபுரமா மாளிகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத கட்டடங்கள், மாடத்தின் மேல் மாடம், வளைவுக்குள் வளைவு. கொஞ்ச நேரம் போனால் தூண் இடுக்குகளில் பாம்பு நெளியும். தூண் என்று நினைத்தது ஒரு மிருகத்தின் காலாக இருக்கும், மிருகத்துக்கு இறக்கை இருக்கும். இத்தனைக்கும் நடுவே தொப்பி போட்ட ஓர் ஆள் தென்படுவார். அவர் ராமானுஜமேதான். தன் கனவுக்குள் தன்னையே குடிவைத்துக்கொண்ட தமிழ் ஓவியர் அவர்.

சென்னையில் பிறந்தவர். பேச்சு சரளமாக வராது, மனநோயும் கூடவே இருந்தது. சென்னை ஓவியக் கல்லூரியில் குருவாக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அவருடைய கையை அடையாளம் கண்டார். 1966இல் பணிக்கரின் முன்முயற்சியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது ராமானுஜமும் அங்கே போய்ச் சேர்ந்தார். கன்னிமாரா ஓட்டலுக்குப் பெரிய சுவரோவியம் செய்தார். 1973இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சி. மோகனின் ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ நாவல் இவரைப் பற்றியதுதான். துயரம் அதில் இருக்கிறது, படிக்கலாம். எனக்கு இங்கே அவருடைய பேனாதான் முக்கியம்.

அவரை சர்ரியலிஸ்ட் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் சர்ரியலிச அறிக்கை வெளியிட்டபோது கேட்டது வேறு. புத்தி காவல் காக்காத நேரத்தில் மனத்தின் அடியிலிருந்து வருவதை அப்படியே கொட்ட வேண்டும் என்றார். ஓவியர் ஆந்த்ரே மாஸ்ஸோன் அதை நம்பித்தான் கையைக் காகிதத்தில் அதன் போக்கில் ஓடவிட்டார். அந்தக் கோடுகளில் ஓட்டம் தெரியும், மூச்சு வாங்குவதும் தெரியும். ராமானுஜத்திடம் ஓட்டமே கிடையாது. கோட்டின் மேல் குறுக்குக் கோடு, அதன் மேல் இன்னொரு அடுக்கு. நெருங்க நெருங்க இருட்டு, விலக விலக வெளிச்சம். ஒரு தூணின் உருட்சிக்கே நூற்றுக்கணக்கில் கீறல்கள் விழுந்திருக்கும். விழித்ததும் மறந்துபோகும் கனவை அவசரமாகக் குறித்துக்கொண்ட கை இல்லை அது. கனவுக்குள்ளேயே உட்கார்ந்து, செங்கல் செங்கலாக எடுத்துக் கட்டிய கை.

திருச்செங்கோட்டுக்காரனான எனக்கு இந்த நிதானம் புதிதல்ல. மலைக்குப் படியேறுகிறவர்கள் நாகர் பள்ளத்தில் நின்றுவிட்டுத்தான் போவார்கள். பாறையோடு பாறையாக ஐந்து தலை நாகம், நீளம் அறுபதடி. மஞ்சளும் குங்குமமும் கொட்டிக் கொட்டி உடம்பே நிறம் மாறிக் கிடக்கும். அவ்வளவு பெரிய பாம்பு யாரோ ஒருவர் மனத்தில் ஒரு கணத்தில் தோன்றியிருக்கலாம். ஆனால் கல்லில் இறங்குவதற்கு உளியும் நாட்களும் கூலியும் வேண்டியிருந்திருக்கும். மண்டபத்துத் தூணில் சிங்க உடம்பும் துதிக்கையுமாக எழும்பி நிற்கிற யாளியும் அப்படித்தான். காட்டில் இல்லாத மிருகத்துக்குப் பல்வரிசை, பிடரி மயிர், நகம் எல்லாம் கணக்காக வைத்திருப்பார் சிற்பி.

மேலே சன்னதியில் நிற்பவர் அர்த்தநாரீஸ்வரர். ஒரே உடம்பில் வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். ஐரோப்பிய ரசவாத நூல்களிலும் ஆணும் பெண்ணும் ஒட்டிய ஓர் உருவம் வரும். சர்ரியலிஸ்டுகளுக்கு அதன் மேல் தீராத மோகம். அங்கே ரகசிய ஏடுகளுக்குள் ஒளிந்துகிடந்த உருவத்தின் உறவுக்காரருக்கு எங்கள் மலையில் தினமும் அபிஷேகம், ஆராதனை. ஊருக்குள் இறங்கினால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளின் முதுகில் கோரைப்பல்லும் உருட்டு விழியுமாகத் திருஷ்டி முகம். இங்கே விசித்திரம் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. அதனாலேயே ராமானுஜத்தின் வேலை கடினமாகிறது என்பேன். சிறகு வைத்த சிங்கத்தைக் காட்டி ஒரு பாரிஸ்காரரை அதிர வைக்கலாம். நம்மிடம் அது பலிக்காது.

அவர் அதிர வைக்கப் பார்க்கவும் இல்லை. அவருடைய மாளிகைகளில் அம்புலிமாமா பக்கங்களின் சாயல் உண்டு, பழைய மாயாஜாலப் படங்களின் செட் உண்டு, கோயில் மண்டபம் உண்டு. எல்லாம் ஊரார் பொதுவில் பார்த்த சரக்கு. அவர் சேர்த்தது அந்தத் தொப்பிக்காரரை. ஊராருடைய கனவில் தனக்கும் ஓர் இடம் கேட்டு உள்ளே போன ஆள். வெளியே பேச்சுக்கு வாய் தடுமாறியவர் அங்கே ராஜகம்பீரமாக இருக்கிறார். விநோதப் பிராணிகள் அவரைக் கடிப்பதில்லை, பரிவாரமாக நிற்கின்றன. பாம்புகூட அங்கே வீட்டுப் பிராணிதான்.

அதே காலத்தில் பணிக்கர் வேறொரு வாசலைத் தட்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் பிறந்த அவர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், படிக்க வராத எழுத்துகள், எண்கள், சின்னச் சின்ன உருவங்கள். பார்த்தால் ஏதோ பலன் சொல்லப்போகிற ஏடு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வரி வாசிக்க முடியாது. இன்னோர் ஓவியரான கே.வி. ஹரிதாசன் தாந்திரிக யந்திரங்களின் முக்கோணத்தையும் வட்டத்தையும் எடுத்துக்கொண்டார். இவை மறைஞானத்தின் வடிவத்தை வைத்துக்கொண்டு யோசித்த ஓவியங்கள். அவற்றின் முன்னால் என் புத்தி வேலை செய்கிறது. ராமானுஜத்தின் முன்னால் சின்ன வயதில் போர்வைக்குள் கண்ட பயமும் ஆசையும் சேர்ந்து எழுகின்றன. மாணவர்தான் குருவைவிட ஆழத்துக்குப் போயிருக்கிறார் என்பது என் கட்சி. நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

வண்ணத்தில் அவர் செய்தவற்றை நான் இந்த அளவுக்குக் கொண்டாட மாட்டேன். நீலமும் மஞ்சளும் அழகுதான். ஆனால் வண்ணம் கண்ணைச் சீக்கிரம் திருப்திப்படுத்தி அனுப்பிவிடுகிறது. கறுப்பு மைதான் பிடித்து நிறுத்தி வைக்கிறது. மைச்சித்திரங்களிலும் எல்லாம் ஒரே தரமில்லை. சிலவற்றில் இண்டு இடுக்கு விடாமல் அடைத்துவிட்டதால் கண்ணுக்கு மூச்சு முட்டும். வானத்துக்குக் கொஞ்சம் வெற்றிடம் விட்ட படங்களில்தான் மாளிகை எழும்புகிறது, தொப்பிக்காரருக்கும் நடமாட இடம் கிடைக்கிறது. அச்சில் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும். பத்திரிகை அளவுக்குச் சுருக்கும்போது குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் கறுப்பாகிவிடுகின்றன. மூலத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். படத்தின் நடுவில் தொடங்க வேண்டாம், கீழ் ஓரத்துப் படிக்கட்டுகளிலிருந்து மேலே ஏறுங்கள்.