சுண்ணாம்புக் குன்றின் வழியும் அதை எழுதினோரும்

கரும்பலகையில் எழுதும் கட்டிக்கு நம்மவர் சீமைச் சுண்ணாம்பு என்று பெயரிட்டு வழங்கினர். சீமையிலே அது குன்று குன்றாகக் கிடக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணியிரார். இங்கிலாந்தின் தென்பகுதியில், மேற்கே பெர்க்ஷயர் மேட்டு நிலமும் கிழக்கே சில்டர்ன் குன்றுகளும் வெண்சுண்ணாம்பால் ஆனவை. இவ்விரண்டையும் ஊடறுத்துத் தேம்ஸ் நதி செல்லும் இடத்தில், ஒரு கரையில் கோரிங், மறு கரையில் ஸ்ட்ரீட்லி என்னும் ஊர்கள் உள்ளன. மேற்கிலே குன்றின் முதுகைப் பற்றிச் செல்வது ரிட்ஜ்வே என்னும் பழவழி; குன்றின் அடிவாரத்தை ஒட்டிச் செல்வது இக்னீல்டு வழி. இவ்வழிகளையும் இவற்றின் அண்டைப் புலங்களையும் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்கள் சிலவற்றை எடுத்து, அவற்றின் தகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

“தோட்டத்து மண்பாதையில் நடக்கும் நமக்குச் சீமைக் குன்றின் வழி எதற்கு?” என்று அன்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளில் நானும் இத்தகைய கட்டுரைகளை மனப்பாடம் செய்தவன். இங்கிலாந்தின் நாட்டுப்புறம் என்பது உழைப்பவர் எவருமில்லாத ஒரு பூங்கா என்றே அன்று நம்பியிருந்தேன். தோட்டத்துக் கிராணியாகிப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்குரோலில் புள்ளியிடத் தொடங்கிய பின்னர்தான், “அந்தப் பூங்காவின் செக்குரோல் எங்கே?” என்னும் ஐயம் எனக்குப் பிறந்தது. அவ்வையத்தோடு அந்நூல்களை மீண்டும் படித்ததன் பயனே இது.

வழிநூல் ஒன்றை எந்த அளவுகோலால் அளப்பது? அதற்கு நாம் பிறரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாகக் கொண்டவர் தமிழர். ஆற்றுப்படை என்பது பசித்து வரும் கலைஞனுக்கு, பரிசில் பெற்று மீள்பவன் வழி சொல்லும் பாட்டு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு மலைவழியைக் காட்டுகிறது. பன்றிக்கு வைத்த பொறி எது, பாம்பு கிடக்கும் இடம் எது, தினைக்காவலர் எறியும் கவண்கல் எங்கு வந்து விழும், வழுக்கும் பாறை எது என்று அது எச்சரிக்கிறது. எந்தச் சிற்றூரார் என்ன உணவு தருவர் என்றும் உரைக்கிறது. நிலமும் அந்நிலத்தில் உழைப்போரும் அதில் பிரிந்து நிற்கவில்லை. இது அதன் பெருமை. ஆனால் ஆற்றுப்படையின் வழிகள் யாவும் முடிவில் ஒரு வள்ளலின் வாயிலிலே சென்று நிற்கின்றன. இது அதன் எல்லை. ஆகவே வழிநூல் ஒன்றை நாம் மூன்று வினாக்களால் அளக்கலாம்: நிலத்தைச் சொல்கிறதா? நிலத்தில் உழைப்போரைச் சொல்கிறதா? வழி யாருக்கு உரியது என்பதைச் சொல்கிறதா?

முதலில் நிலம். வெண்சுண்ணாம்பு என்பது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி கடலாக இருந்தபோது, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகியது. இவ்வரலாற்றை 1868-ஆம் ஆண்டில் தாமஸ் ஹக்ஸ்லி என்னும் விஞ்ஞானி, நார்விச் நகரத் தொழிலாளர்க்கு ஒரு சுண்ணாம்புத் துண்டையே பொருளாகக் கொண்டு சொற்பொழிவாக ஆற்றினார். கற்றார் அவைக்கு உரியதென்று கருதப்பட்ட அறிவைத் தொழிலாளர் முன் வைத்த அச்செயல் நாம் போற்றத்தக்கது. சுண்ணாம்பு நிலம் மழைநீரை உறிஞ்சிவிடும். உறிஞ்சிய நீர் குன்றின் அடியில், களிமண்ணைத் தொடுமிடத்தில் ஊற்றாய் வெளிப்படும். ஆதலால் ஊர்கள் அடிவாரத்து ஊற்றுக்களை ஒட்டி வரிசையாய் அமைந்தன. குன்றின் முதுகோ சேறின்றி உலர்ந்து, மந்தை ஓட்டுவோர்க்கு வழியாயிற்று. இக்காரணம் அறியாமல் அவ்வழியின் அழகை மட்டும் வியப்பது பாதி அறிவேயாம்.

இனி நூல்களுக்கு வருவோம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1875-இல் வெளியிட்ட ‘ஓர் இலையுதிர்காலத் தோற்றம்’ என்னும் பொருள்படும் கட்டுரை, சில்டர்ன் குன்றுகளில் ஹை விக்கம் என்னும் ஊரிலிருந்து வெண்டோவர் வழியாக அவர் நடந்த நடையைக் கூறுவது. நடை இனியது, சொல் தேர்ந்தது. வானம்பாடிகளின் பாட்டும், மரத்தைச் சுற்றிக் கயிற்றில் சிக்குண்ட கழுதையும் நம் மனத்தைவிட்டு அகலா. ஆனால் அவர் தேடுவது தலைப்பே கூறுவதுபோல் ஒரு ‘தோற்றம்’. காட்சி மனத்தில் எழுப்பும் சாயல். அவர் வியந்த அப்பகுதியின் பீச்சு மரங்களே ஹை விக்கம் நாற்காலித் தொழிலுக்கு உணவாயிருந்தன. காட்டினுள்ளே குடிசையிட்டு நாற்காலிக் கால்களைக் கடைந்து பிழைத்தோர் பலர். அக்குன்றுப் புறத்துச் சிறுமியர் வைக்கோல் பின்னிக் கூலி பெற்றனர். இலையின் நிறத்தைச் சொன்ன எழுத்து, மரத்தின் வரலாற்றைச் சொல்லாது போயிற்று. நம் முதல் வினாவுக்கு ஸ்டீவன்சன் அழகாக விடை தருகிறார். இரண்டாவதை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அவ்வினாவைக் கேட்டவர் தாமஸ் ஹார்டி. 1895-இல் நூலாக வந்த ‘ஜூட்’ என்னும் அவருடைய நாவல் வழிநூல் அன்று. ஆயினும் அதன் தொடக்கம் இதே மேட்டு நிலத்தில், பெர்க்ஷயரின் ஃபாலி என்னும் சிற்றூரை மாதிரியாகக் கொண்ட ஓர் ஊரில் நிகழ்கிறது. பதினொரு வயதுடைய அநாதைச் சிறுவன் ஜூட், ஒரு பண்ணையாரின் புலத்தில் நாளொன்றுக்கு ஆறு பென்சுக் கூலிக்குப் பறவை ஓட்டுகிறான். தன்னைப்போல் அவையும் வேண்டப்படாத உயிர்கள் என்று இரங்கி, அவற்றை உண்ண விடுகிறான். பண்ணையார் கண்டு, பறவை ஓட்டும் கருவியாலேயே அவனை அடித்து, அன்றைக் கூலியைக் கையில் கொடுத்து விரட்டிவிடுகிறார். நம் குறிஞ்சிப் பாட்டுக்களில் தினைப்புனத்தில் புள்ளோச்சும் பெண் காதலின் தலைவியாய் வருவாள். அவளுக்கு நாட்கூலி எவ்வளவு என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. ஹார்டி கணக்கைச் சொல்கிறார். கூலிக் கணக்கு எழுதும் கைக்கு அந்த ஆறு பென்ஸ் வெறும் எண்ணாகத் தோன்றாது.

அதே சிறுவன் குன்றின்மேல் பழவழி செல்லும் இடத்துக்கு ஏறி, ஒரு களஞ்சியத்தின் ஏணிமீது நின்று, தொலைவில் ஒளிரும் கல்வி நகரத்தைக் காண்கிறான். அந்நகரம் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபெயர். வளர்ந்து கல்தச்சனாகித் தானே மொழிகள் கற்று, கல்லூரித் தலைவர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறான். ‘உன் தொழிலையே பார்த்துக்கொள்வது உனக்கு நலம்’ என்னும் கருத்தில் விடை வருகிறது. வழிப்போக்கர்க்குக் காட்சி மேடையாகத் தோன்றிய அக்குன்று, ஏழைச் சிறுவனுக்குப் பூட்டிய கதவின் சாளரமாக இருந்தது. ஒரே நிலத்தை இருவர் எழுதினால் இரண்டு நிலங்கள் தோன்றும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாமவர் எட்வர்டு தாமஸ். அரசாங்க அலுவலகத்து எழுத்தர் ஒருவரின் மகனாக 1878-இல் பிறந்த இவர், குடும்பம் காக்கக் கூலிக்கு நூல் எழுதிச் சலித்தவர். 1913-இல் இவருடைய ‘இக்னீல்டு வழி’ வெளியாயிற்று. பத்து நாள் நடையாக அமைந்த இந்நூலின் சிறப்பு அதன் நேர்மை. பழஞ்சாலை என்றதும் ஆயிரமாயிரம் ஆண்டுக் கதைகளை அடுக்குவது எளிது. தாமஸோ முன்னோர் எழுதியவற்றையும் பழைய சான்றுகளையும் ஒப்பிட்டு, எது தெளிவு, எது வெறும் ஊகம் என்று பிரித்துப் பார்க்கிறார். அவ்வழி வரலாற்றுக்கு முற்பட்ட தொடர்ந்த ஒரு சாலைதானா என்று தொல்லியலார் சிலர் பிற்காலத்தில் எழுப்பிய ஐயத்தை எண்ணினால், அவரது நிதானத்தின் மதிப்பு விளங்கும். இரவில் தனியே படுத்து மழையைக் கேட்டவாறு தன் வாழ்வின் வறுமையை எண்ணும் பகுதியில், நடப்பவன் இன்பமே உருவானவன் என்னும் பொய்யையும் அவர் உடைக்கிறார். பின்னர்க் கவிஞராகி, போரிற் சேர்ந்து, 1917-இல் பிரான்சின் ஆராஸ் போர்க்களத்தில் மாண்டார்.

அவ்வழிக்குத் தொடக்கமும் முடிவும் தமக்கு அகப்படவில்லை என்று நூலின் முகப்பிலேயே தாமஸ் ஒப்புகிறார். ஆற்றுப்படைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கே புலப்படும். தாமஸின் வழி எந்த வள்ளலின் வாயிலிலும் போய் முடியவில்லை. நடப்பவன் எவரையும் புகழ வேண்டியதில்லை. ஆனால் எவர் வாயிலிலும் முடியாத வழி ஒன்று நாட்டில் நிலைத்திருக்க வேண்டுமாயின், அதை எவரும் அடைத்துவிடாதபடி ஒருவர் காத்திருக்க வேண்டுமன்றோ? இதுவே நம் மூன்றாவது வினா. நாம் எடுத்துக்கொண்ட மூவர் நூல்களிலும் இதற்கு நிறைவான விடை இல்லை. வரலாற்றில்தான் அதைத் தேட வேண்டும்.

சில்டர்ன் குன்றுகளில் பெர்க்ஹாம்ஸ்டெட் என்னும் ஊர்க்குப் பொதுநிலம் ஒன்றுண்டு. 1866-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரௌன்லோ பிரபுவின் பண்ணையார் அதில் 400 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியை இரும்பு வேலியிட்டு அடைத்தனர். அகஸ்டஸ் ஸ்மித் என்பவர், முந்திய ஆண்டு தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் துணையோடு, லண்டனிலிருந்து ஏறக்குறைய 120 கூலியாட்களைத் தனி ரயிலில் வரவழைத்தார். மார்ச்சு 6-ஆம் தேதி இரவு அவர்கள் சென்று, விடிவதற்குள் வேலி முழுவதையும் கழற்றிக் கிடத்திவிட்டனர். வழக்கு நடந்தது, 1870-இல் நீதிமன்றம் ஸ்மித்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஸ்மித்தும் செல்வந்தரே, அவர் பெயரை வரலாறு மறவாது காக்கிறது. இரவெல்லாம் இரும்பைக் கழற்றியவர்களோ எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர்.

சட்டம் பின்னால் நடந்து வந்தது. பொதுமக்கள் 20 ஆண்டு தடையின்றி நடந்த பாதை பொதுப்பாதையெனக் கொள்ளப்பட 1932-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. பொதுப்பாதைகளைப் படத்தில் குறிக்கும் கடமையை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. திறந்த மேட்டு நிலங்களில் கால்நடையாய் உலவும் உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிற்று. மேற்கே ஓவர்ட்டன் குன்றிலிருந்து கிழக்கே ஐவிங்ஹோ முகடு வரை 87 மைல் நீளமுள்ள ரிட்ஜ்வே, 1973-இல் நாட்டு நடைவழியாகத் திறக்கப்பட்டது. அதன் கீழ்க்கோடியிலிருந்து பெர்க்ஹாம்ஸ்டெட் பொதுநிலம் சில மைல் தொலைவே. முகட்டைக் காணச் செல்வோர் அந்த இரவையும் நினைப்பாராக.

ரிட்ஜ்வேயை அடுத்து, அஃபிங்டன் குன்றின் சரிவில் 110 மீட்டர் நீளமுள்ள வெண்குதிரை உருவம் ஒன்றுண்டு. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் அகழ்ந்து சுண்ணாம்பு இட்டு அமைத்தது. சில காலம் கவனியாது விட்டால் புல் மூடி அது மறைந்துவிடும். தலைமுறை தலைமுறையாக ஊரார் சென்று செதுக்கித் துப்புரவு செய்தமையால் இன்றும் நிற்கிறது. பாதையின் இயல்பும் அஃதே. நடப்பவர் நின்றால் புல் மூடும். கேட்பவர் நின்றால் வேலி மூடும்.

ஆகவே வாசகசாலை நண்பர்கட்கு என் வேண்டுகோள் இதுவே. ஸ்டீவன்சனைப் படியுங்கள், அழகை ஒதுக்க வேண்டியதில்லை. உடனே ஹார்டியின் முதல் சில அதிகாரங்களையும் எடுத்து, இரண்டையும் ஒரே மேசைமீது வையுங்கள். பின்னர்த் தாமஸை மெல்லப் படியுங்கள். நம்மவர் எழுதும் பயணக் கட்டுரை எதுவாயினும், மலையும் அருவியும் சொல்லி முடிந்த இடத்தில் நிறுத்தி, “அங்கே வேலை செய்தவர் யார்? அவ்வழியே நடக்க யாருக்கு உரிமை?” என்று அதன் ஆசிரியரைக் கேளுங்கள். விடை கூற இயலாத எழுத்தாளர் ஒருமுறை திரும்பிப் போய் நடந்து வரட்டும்.