டேலியில் ஒரு பயிர்க் கட்டம்

சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டு உரக்கடைக்குள் இரண்டு விதமான பில் போட வேண்டியிருக்கிறது. மானிய உரத்துக்கு ஆதார் எண்ணும் கைரேகையும் கேட்கும் அரசாங்க பிஓஎஸ் மெஷின் ஒன்று. 2018 மார்ச்சுக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது அது. அரசு கேட்பதை மட்டும்தான் அதில் பதிய முடியும். இன்னொன்று கடைக் கணக்குக்கான டேலி பிரைம். மாமாவின் கடையில் சில மாதங்களாக இந்த இரண்டாவதோடுதான் பழகி வருகிறேன். ஜிஎஸ்டி, ஸ்டாக், பேட்ச் எல்லாம் ஊரறிந்த சங்கதி. நான் சொல்ல வந்தது வாடிக்கையாளர் லெட்ஜரில் நாங்கள் சேர்த்த ஒரு கட்டத்தைப் பற்றி.

டேலி தானாகத் தருவது கடன் நாள்: 30, 45, 60 என்று போட்டுக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து விவசாயி நாள் சொல்லிக் கடன் வாங்குவதில்லை. "மாங்காய் பணம் வந்ததும் கட்டிடறேன் மாமா" என்பார். கடலை பிடுங்கியதும் என்பார் இன்னொருவர். பால் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பவர்களும் உண்டு. தவணை பயிரில் இருக்கிறது. 2025இல் தோதாபுரி மாங்காய் விலை சரிந்தது. கிலோவுக்கு மாங்கூழ் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என 12 ரூபாயை ஆந்திர அரசு அறிவிக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் மாந்தோப்புக்காரரையும் மாடு வைத்திருப்பவரையும் "90 நாள் தாண்டிய பாக்கி" என்று ஒரே பட்டியலில் நிறுத்துவது அநியாயம். யாரிடம் இப்போது கேட்கலாம், யாருக்கு அவகாசம் தர வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

அதற்காகத்தான் "பணம் வரும் பயிர்" என்ற கட்டம். டேலிக்கென்றே உள்ள டிடிஎல் மொழியில் சில வரிகள் எழுதி, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகவே ஏற்றிவிடலாம். மா, கடலை, கரும்பு, பால் என்று தேர்ந்தெடுத்தால் போதும். பில்லில் பெயரைத் தொட்டதும் பயிர் கண்ணில் படுகிறது. பாக்கிப் பட்டியலும் பயிர்வாரியாகப் பிரிந்து வருகிறது. மாமா இத்தனை காலம் மனதிலேயே வைத்திருந்த கணக்கு இப்போது கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் தெரிகிறது. இதைப் பார்த்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். முனி என்று தொடங்கும் பெயர்கள் ஏராளமாக உள்ள பகுதி, ஆளைப் பிரித்தறிய வேண்டும் என்பதால் மண்டலத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். 2022 ஏப்ரல் 4இல் பக்கத்துப் பாகாலா திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. புத்தலப்பட்டு சித்தூரிலேயே இருக்கிறது. மாவட்டத்தை வைத்து ஆளைத் தேடுவதைவிட மண்டலத்தை வைத்துத் தேடுவது எளிது.

ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் சேர்க்கும் விவரம் டேலியின் டேட்டாவுக்குள்ளேயே பதிகிறது. ஆனால் அந்த டிடிஎல் கோப்பு ஏற்றப்படாத கம்ப்யூட்டரில் அது கண்ணுக்குத் தெரியாது. அழிவதில்லை, கோப்பை மறுபடி ஏற்றினால் திரும்ப வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் தர வேண்டும். இரண்டு பேர் எழுதிய இரண்டு கோப்புகளில் ஒரே வகைக் கட்டத்துக்கு ஒரே எண் விழுந்தால் ஒன்றின் விவரம் மற்றொன்றில் கலந்துவிடும். பொதுப் பயன்பாட்டுக்கு 1 முதல் 9999 வரையும் 20001 முதல் 65536 வரையும் திறந்திருக்கின்றன. இவ்வளவு இடம் இருந்தும் எல்லோரும் தொடக்கத்து எண்களையே பிடிப்பதில் அர்த்தமில்லை.

என் கோபமெல்லாம் டிடிஎல் எழுதித் தரும் சிலர் மேல்தான். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, திறந்து படிக்க முடியாத டிசிபி கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என்ன எண், என்ன வகை என்று கேட்டால் பதில் வராது. நாளைக்கு ஒரு திருத்தம் வேண்டுமென்றால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் கடைக்காரர் சேர்த்த விவரம் கடைக்காரருக்கே தெரியாமல் கிடக்கும். இது தொழில் ரகசியம் என்பதை நான் ஏற்கமாட்டேன். பணம் கொடுக்கும்முன் மூலக் கோப்பையும் எண் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

புதுக் கட்டம் சேர்க்க முடிகிறது என்பதற்காக ஆதார் எண்ணை அதில் ஏற்ற வேண்டாம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. உரப் பாக்கி வசூலுக்கு அந்த எண் தேவையுமில்லை. பெங்களூரில் 1986இல் தொடங்கிய டேலியிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: இப்படி ஒரு கட்டம் சேர்க்கும் வேலையை லெட்ஜர் திரையிலேயே, டிடிஎல் தெரியாத கடைக்காரரும் செய்யும்படி கொடுங்கள்.