ஆடை கொடுத்தவர் யார்?

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் கோயிலில் வாசிக்கப்படும்போதெல்லாம் நம் செவி பன்றிக் கூட்டத்தின் இரைச்சலோடு நின்றுவிடுகிறது. கல்லறைகளிடையே வாழ்ந்தவன், சங்கிலிகளை முறித்தெறிந்தவன், இரவும் பகலும் கூவித் திரிந்தவன் நலம் பெறுகிறான். செய்தி கேட்டு ஊரார் ஓடி வந்து பார்க்கையில், அவன் ஆடை உடுத்தித் தெளிந்த மனத்தோடு அமர்ந்திருக்கிறான்.

மனநோய் என்பது பேயின் வேலை என்று நிறுவ நாம் இப்பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. அது நோய்; அதற்கு மருந்தும் மருத்துவரும் உண்டு. நாம் கேட்க விரும்புவது ஓர் இலக்கியக் கேள்வி. அவனுக்கு அந்த ஆடையைக் கொடுத்தவர் யார்? நற்செய்தியாளர் அதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் தம் மேலாடையைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். பெயரில்லாத அந்த ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு, மனநோயைப் பற்றி நம் தமிழ்த் திரை சொல்லிவந்த கதைகளைப் பார்ப்போம்.

பாலா இயக்கி 1999 டிசம்பரில் வெளிவந்த 'சேது' தமிழின் குறிப்பிடத்தக்க படங்களுள் ஒன்று. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. தலையில் அடிபட்டு மனநிலை குலைந்த இளைஞன் ஒரு மடத்தில் சங்கிலியோடு கிடக்கிறான். அந்தச் சங்கிலியை மெருகு பூசாமல் காட்டியது இப்படத்தின் நேர்மை. அது கற்பனை அன்று என்பதை இருபது மாதங்களுக்குள் நாடே அறிந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கிடக்க, 28 உயிர்கள் கருகின.

ஆயினும் 'சேது'வில் நமக்கொரு குறை உண்டு. சேதுவுக்கு அண்ணன் உண்டு, அண்ணி உண்டு, உயிர் நண்பர்கள் உண்டு. அவன் தெளிவடைந்த பின் அவனை ஏற்க வெளியே ஒரு வாழ்க்கை இருக்கக்கூடும் என்று படம் எண்ணவேயில்லை. தப்பி வருகிறான், காதலி இறந்து கிடக்கிறாள், மீண்டும் மடத்துக்கே போகிறான். துன்பியலுக்கு அம்முடிவு பொருத்தமானதே. ஆனால் ஒருமுறை மனம் பிறழ்ந்தவனுக்கு உலகில் இடமில்லை என்ற பழைய தீர்ப்பையும் அது நம் மனத்தில் எழுதிவிடுகிறது.

2005-இல் வந்த 'சந்திரமுகி' இதற்கு நேர் எதிர். அங்கே மனநல மருத்துவரே கதைத் தலைவர். பேய் என்று மற்றவர்கள் அஞ்சியதை நோய் என்று அவர் சொன்னதைப் பாராட்டலாம். ஆனால் நோயாளியான கங்கா, நாடகம் போல நடத்தப்படும் ஓர் ஏற்பாட்டில் ஓரிரவில் குணமாகிவிடுகிறாள்! மறுநாள் மாத்திரை இல்லை. மாதந்தோறும் மருத்துவமனை வாசலில் காத்திருப்பு இல்லை. மருந்தை நிறுத்தியதால் நோய் திரும்பிவிடுமோ என்ற கவலை இல்லை. இத்தகைய கதைகளைப் பார்த்துப் பழகிய நாம், பக்கத்து வீட்டுப் பையன் ஆறு மாதமாக மருந்து சாப்பிட்டும் 'இன்னும் சரியாகவில்லையே' என்று அவன் தாயிடமே கேட்டுவிடுகிறோம்.

இவ்விரண்டுக்கும் நடுவே நெஞ்சுக்கு நெருக்கமாக நிற்பது பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982). விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணுக்குச் சீனு சோறூட்டுகிறான், தலை வாரிவிடுகிறான், அவளுடைய அடத்தைப் பொறுத்துக்கொள்கிறான். அன்றாடப் பணிவிடையை இத்தனை பரிவோடு காட்டிய தமிழ்ப் படங்கள் மிகச் சிலவே. ஆனால் சீனு ஏறக்குறையத் தனியாகவே அச்சுமையைத் தாங்குகிறான். அவளையே தன் வாழ்வின் பொருளாக்கிக்கொள்கிறான். இறுதியில் நினைவு திரும்பிய அவள், இரயில் நிலையத்தில் அவனைப் பித்தன் என்றெண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். பேணுவோர் ஒருவரே இருந்தால் அவரும் உடைந்துபோவார் என்ற உண்மையைத் தெரிந்தோ தெரியாமலோ அப்படம் சொல்லிவிட்டது.

சங்கிலி, ஓரிரவு அற்புதம், ஒற்றை ஆளின் தியாகம். இம்மூன்று கதைகளிலும் இல்லாதவர் ஒருவர் உண்டு. அவர் உறவினர் அல்லர், மருத்துவர் அல்லர், காதலர் அல்லர். அடுத்த வாரமும் வருகிறவர் அவர். அவரைத் திரையில் நாம் கண்டதில்லை. கண்டிராத வேடத்தை வாழ்க்கையில் ஏற்கவும் நாம் கற்கவில்லை.

இதை நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி நம் அன்பியத்தார் சிலர், மனநலம் குன்றிய பெண்கள் வாழும் ஓர் இல்லத்துக்குக் கேக்கும் போர்வைகளும் கொண்டு சென்றோம். பாடினோம், பரிமாறினோம், படம் எடுத்துக்கொண்டோம். புறப்படும் வேளையில் முதிய அம்மாள் ஒருவர் நம்மில் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்களாம்மா?" என்றார். "வர்றோம்மா" என்றோம். போகவில்லை. மறு டிசம்பரில் போனபோது, அவர் அந்தச் சகோதரியைப் பெயர் சொல்லி அழைத்தார். அவருடைய பெயர் எங்களில் எவருக்கும் நினைவில்லை. 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சி அங்கே தலைகீழாக நடந்தது. நோயுற்றவர் நினைவில் வைத்திருந்தார். நலமாயிருந்த நாம் மறந்துவிட்டோம்.

திரையில் வராத கதை நம் மேற்குப் புறநகரிலேயே நடந்துவருகிறது. தெருவில் அலைந்த ஒரு பெண்ணுக்குப் புகலிடம் தேடிக் கிடைக்காமற்போன அனுபவத்திலிருந்து, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் 'பான்யன்' அமைப்பைத் தொடங்கினர். அதன் 'அடைக்கலம்' இல்லம், அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் எழுந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய 'ஸ்கார்ப்' அமைப்பு, பூந்தமல்லிக்கு அருகே திருவேற்காட்டில் மறுவாழ்வு இல்லம் அமைத்தது. நலமடைந்தும் போக வீடற்றவர்கள், ஊருக்கு நடுவே சாதாரண வீடுகளில் சிலராகச் சேர்ந்து வாழ வழிசெய்யும் திட்டத்தைப் பான்யன் 2015-இல் தொடங்கியது. அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அண்டை வீட்டாரோடு பேசுகிறார்கள். சேது திரும்பிவர ஒரு வீடு உண்டு என்பதே இதன் பொருள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்கிறது. ஆயினும் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருப்பதைக் கண்டது. 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் ஆவடியிலிருந்து அங்கு ஒருவரை அழைத்துச் செல்ல, வீட்டில் ஒருவர் ஒரு நாள் ஊதியத்தை இழக்க வேண்டும். தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர், நோயுற்ற மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால், அதுவும் ஒரு சங்கிலிதானே? அதைக் கழற்றச் சட்டம் மட்டும் போதாது. பகலில் இரண்டு மணி நேரம் வந்து உடனிருக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் செய்ய வேண்டியவை எளியவை. மருத்துவமனைக்குத் துணையாகச் செல்வது, மாத்திரை தீருமுன் நினைவூட்டுவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மனு எழுதித் தருவது, காய்கறி வாங்கச் சேர்ந்து நடப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறுக்கிடாமல் கேட்பது. தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அமைப்பின் தொண்டர்கள், அறிவுரை கூறாமல் செவிகொடுப்பதையே தம் பணியாகக் கொண்டுள்ளனர். தொண்டருக்கு எல்லைகளும் உண்டு. மருந்தின் அளவை மாற்றச் சொல்லலாகாது. செபித்தால் போதும், மாத்திரை வேண்டாம் எனலாகாது. கேட்டதை வெளியே பேசலாகாது. வர முடியாத நாளில் வருவதாக வாக்களிக்கலாகாது. அவசர வேளையில் 14416 என்ற அரசின் தொலைபேசிச் சேவையைச் சொல்லித் தர அறிந்திருக்க வேண்டும்.

இது நம் மரபுக்குப் புதிதன்று. பெல்ஜிய நாட்டின் கீல் என்னும் ஊரில், புனித திம்ப்னாவின் திருத்தலத்தை நாடி வந்த மனநோயாளரை, ஊர்க் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் வீடுகளிலேயே வைத்துப் பேணி வந்துள்ளன. திருத்தலம் வாசலைத் திறந்தது. ஆனால் தினமும் சோறிட்டவர்கள் ஊரின் பொதுநிலையினரே. நம் பங்குகளில் செயல்படும் வின்சென்ட் தே பவுல் சபையின் அடிப்படைப் பணியும் வீடு தேடிச் சென்று சந்திப்பதுதான். சந்திக்க வேண்டிய வீடுகளின் பட்டியலில், கதவு பூட்டிய வீடுகள் இடம்பெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஓர் அன்பியத்தில் நால்வர் முறை வைத்துக்கொண்டால், ஒருவருக்கு மாதம் ஒரு பிற்பகல். எவரும் சீனுவைப் போல் உடைந்துபோக வேண்டியதில்லை.

நலம் பெற்ற மனிதன் இயேசுவோடு படகில் ஏற விரும்புகிறான். அவரோ அவனை உற்றாரிடம், தன் வீட்டுக்கே போகச் சொல்கிறார். அவரைத் தம் பகுதியைவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்ட ஊரார், அவன் திரும்பி வந்த பின் அவனை எப்படி நடத்தினர் என்பதை நற்செய்தி விரித்துரைக்கவில்லை. நம் திரைக்கதைகளும் அதை எழுதவில்லை. அந்த ஊர் அம்பத்தூராக, ஆவடியாக, பூந்தமல்லியாக இருக்கலாம். அந்த அம்மாளின் பெயரை இப்போது கேட்டுக் குறித்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அவரைப் பார்க்கச் செல்கிறோம்.